பிறை தெரிந்தால் கதை முடியும்

ஆண்டுக்கொரு மாலையைத் தமிழ்ப் பேச்சுக்கென ஒதுக்கியிருக்கும் ஓர் அறக்கட்டளையின் மேடையில் பேசியது இது. மேடையில் நேரம் போதாமல் விட்ட சில செய்திகளை அச்சுக்குத் தரும்போது சேர்த்திருக்கிறேன். மற்றபடி பேச்சு நடை பேச்சு நடையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொலைக்காட்சித் தொடர்கள் முடிகிற காலம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். துபாயிலும் ஷார்ஜாவிலும் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். தொடர் எடுத்ததில்லை, தொடருக்கு எழுதியதும் இல்லை. பார்த்திருக்கிறேன், அதிலும் நோன்பு மாதங்களில் அறை நண்பர்களோடு தோளுரசி உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்குள் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. ஒரு கதை எந்த நாளில் முடியும் என்பது ஊருக்கெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், அது கதைக்கும் நல்லது, பார்க்கிறவருக்கும் நல்லது. வளைகுடாவில் அந்த ஏற்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. நம்மிடமும் இருந்தது. தமிழ்த் தொலைக்காட்சி அதைக் கைவிட்டது எனக்குப் பெரிய வருத்தம்.

அரபுத் தொலைக்காட்சிக்கு ரமலான்தான் ஆண்டின் பெரிய பருவம். கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் குவைத்திலும் ரியாதிலும் அபுதாபியிலும் எடுத்த தொடர்கள் நோன்பின் முதல் இரவில் ஒன்றாகத் தொடங்கும். நாளுக்கு ஒரு அத்தியாயம், மாதத்துக்கு முப்பது. பெருநாள் வந்துவிட்டால் அத்தனையும் முடிந்துபோகும். இதற்கு வானொலிக் காலத்திலேயே வித்திட்டாகிவிட்டது. 1950களில் கெய்ரோ வானொலி ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை ரமலான் இரவுகளில் நாடகமாக ஒலிபரப்பியது. நோன்பு திறந்த குடும்பம் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் நேரம். கதை கேட்க அதைவிட வாய்ப்பான நேரம் கிடைக்காது. 1961-இல் குவைத்திலும் 1969-இல் அபுதாபியிலும் தொலைக்காட்சி வந்தது. வானொலி இருந்த இடத்தில் பெட்டி வந்து உட்கார்ந்தது, வழக்கம் மாறவில்லை.

அந்த மாதத்து மாலையை இங்கிருந்தபடி கற்பனை செய்வது கடினம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அமீரகத்தில் நோன்பு மாதத்தில் வேலை நேரத்தை இரண்டு மணி குறைக்க வேண்டும் என்பது சட்டம். நாலு மணிக்கெல்லாம் துபாயின் தேரா தெருக்களில் கூட்டம் பள்ளிவாசல் பக்கம் நகரத் தொடங்கும். அங்கே ஈமான் என்னும் நம்மவர் அமைப்பினர் நம் ஊர் நோன்புக் கஞ்சி காய்ச்சி வழங்குவார்கள். அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, வெந்தயமும் பூண்டும் கறியும் சேர்ந்து, மேலே புதினா வாசம் எழும் கஞ்சி. எங்கள் அறையில் கீழக்கரைக்காரர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் பாய்தான். தூக்குவாளியில் வாங்கி வந்து, நோன்பு வைத்தவர், வைக்காதவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஊற்றித் தருவார். கட்டில்களுக்கு நடுவே செய்தித்தாள் விரித்து, பேரீச்சம்பழமும் வடையும் வைத்துக்கொண்டு, ஆறு பேரும் பெட்டியைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். திரையில் துபாய் காவல்துறையின் பீரங்கி தெரியும். சீருடைக்காரர் இருவர் விறைப்பாக நிற்பார்கள். பீரங்கி முழங்கியதும் பாய் பழத்தை வாயில் வைப்பார். அதற்குப் பிறகுதான் நாங்களும் தொடுவோம்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருந்தது. இந்திய நேரம் இரவு 8 மணி என்றால் துபாயில் மாலை 6.30. மார்ச் மாதத்தில் நோன்பு வந்தால் பாங்கு சொல்வதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். ஆக, சன் தொலைக்காட்சியின் இரவுத் தொடர் வரிசையும் நோன்பு திறப்பும் ஒரே பெட்டியில் மோதிக்கொள்ளும். எங்கள் அறையில் அதற்கு எழுதாத ஒப்பந்தம் உண்டு. நோன்பு மாதம் முழுக்க ரிமோட் பாய் கையில். தஞ்சாவூர்க்காரர் ஒருவர், ஊரில் இருக்கும் மனைவியிடம் அன்றைய தமிழ்த் தொடரின் கதையை போனில் கேட்டுக்கொண்டு, கண்ணை அரபுத் தொடரில் வைத்திருப்பார். எங்களில் யாருக்கும் முழு அரபி தெரியாது. ஆனாலும் கதை விளங்கியது. மாமியார் முகமும் கடன்காரன் குரலும் எந்த மொழியிலும் விளங்கும்.

எனக்கு முதலில் மனத்தில் ஒட்டியது 'ஃபரீஜ்'. 2006 ரமலானில் சமா துபாய் சேனலில் வந்த அனிமேஷன் தொடர். பழைய பாணி வீடுகள் உள்ள ஒரு தெருவில் உம்மு ஸயீத், உம்மு ஸல்லூம், உம்மு அல்லாவி, உம்மு கம்மாஸ் என்று நான்கு கிழவிகள். நால்வர் முகத்திலும் அமீரகத்துப் பாட்டிமார் அணியும் அந்த மின்னும் முகமூடி. சுற்றிலும் கோபுரங்கள் வளர்ந்துகொண்டே போகும். இவர்கள் காபி ஊற்றிக்கொண்டு புதுத் துபாயைப் பற்றிப் பேசித் தீர்ப்பார்கள். இதை உருவாக்கிய முகம்மது ஸயீத் ஹாரிப் அமெரிக்காவில் படித்துத் திரும்பிய இளைஞர். தன் பாட்டியை நினைத்து வரைந்ததாகச் சொன்னவர். அந்த ஊரில் நான் பார்த்த அமீரகத்தார் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவர்கள், முத்திரை குத்துகிறவர்கள், கார் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர்கள். அவர்கள் வீட்டுக்குள் பாட்டி எப்படிப் பேசுவாள், எதற்குக் கோபப்படுவாள், எதை இழந்ததாக நினைக்கிறாள் என்பதை முதன்முதலாக எனக்குக் காட்டியது இந்தத் தொடர். ஒரு ஊரில் நெடுங்காலம் வேலை செய்தும் அந்த ஊர்க்காரர் வீட்டு நடுக்கூடத்தை மிதிக்காமலே திரும்புகிறவர்கள் நம்மில் ஏராளம். தொலைக்காட்சி அந்தக் கூடத்தில் ஒரு மூலையில் எங்களை உட்காரவைத்தது.

அதே ஆண்டு ரமலானில் தொடங்கியது சிரியாவின் 'பாப் அல் ஹாரா'. பஸ்ஸாம் அல் முல்லா இயக்கியது, எம்.பி.சி. சேனலில் வந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்து டமாஸ்கஸில் ஒரு தெரு, அதன் வாசற்கதவு, உள்ளே வைத்தியரும் சவரத்தொழிலாளியும் பருப்புக்காரரும். எங்கள் அலுவலகத்தில் டமாஸ்கஸ்காரர் ஒருவர் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தார். 2007-இல், வைத்தியர் அபூ இஸாம், மனைவி வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லுக்காக அவளை விவாகரத்துச் செய்த மறுநாள், அலுவலகத்தில் அரைமணி நேரம் வேலை ஓடவில்லை. எகிப்தியர் ஒருவர் அபூ இஸாம் பக்கம், லெபனான்காரப் பெண் மனைவி பக்கம். சூடானியக் காவலாளி வாசலிலிருந்து எழுந்து வந்து, இருவரையும் சேர்த்துவைக்க வேண்டும் என்று வாதாடிவிட்டுப் போனார். டமாஸ்கஸ்காரர் மட்டும் கதையைப் பேசவில்லை. அந்த வீட்டு முற்றத்து நீர்த்தொட்டியைப் போலத் தன் பாட்டனார் வீட்டிலும் ஒன்று இருந்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 2011-க்குப் பிறகு அவர் நாட்டில் நடந்த உள்நாட்டுப் போர் உங்களுக்குத் தெரியும். அதன் பின் வந்த நோன்புகளில் அவர் அந்தத் தொடர்களைப் பார்த்த பார்வையே வேறு.

இனி முடியும் நாளுக்கு வருகிறேன். ரமலான் 29 நாளா 30 நாளா என்பது 29-ஆம் நாள் மாலை பிறை பார்க்கும் வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தொடருக்கோ முப்பது அத்தியாயம். பிறை தெரிந்துவிட்டால் ஓர் அத்தியாயம் மிஞ்சும். அதைப் பெருநாளன்று போடுவார்கள். 2024-இல் நோன்பு முழு முப்பது நாள். 2023-லும் 2025-லும் இருபத்தொன்பதோடு முடிந்தது. அந்த 29-ஆம் நாள் மாலையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பிறைக் குழு கூடியிருக்கும். எல்லாச் சேனல்களிலும் அடியில் செய்தி ஓடும். சமையலறையில் பெண்கள் பெருநாள் பலகாரத்துக்கு மாவு பிசையலாமா, மறுநாள் நோன்புக்கான சஹர் சோறு வைக்கலாமா என்று காத்திருப்பார்கள். அந்தத் தீர்ப்பு தெரியும் அதே நேரத்தில்தான் தொடரின் நாயகி சிறையிலிருந்து வருவாளா மாட்டாளா என்பதும் தெரியப்போகிறது. கதையின் முடிவும் மாதத்தின் முடிவும் ஒரே வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கடைசிப் பத்து இரவுகளுக்கு இன்னொரு இழுபறி உண்டு. கதை உச்சத்தை நோக்கிப் போகும் அந்த நாட்களில்தான் நள்ளிரவுத் தொழுகைகள் பெருகுகின்றன. லைலத்துல் கத்ர் என்னும் மகத்தான இரவைத் தேடும் நாட்கள் அவை. பாய் இருபதாம் நாளோடு தொடர்களை நிறுத்திவிடுவார். முடிவை எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். நாங்கள் சொல்லும்போது, நல்ல கதைகளுக்கு மட்டும் தலையாட்டுவார். வில்லன் தப்பித்துப் போனால் வருத்தப்படுவார். பார்க்காமல் விட்டதில் அவருக்குக் குறை இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. கதைக்கு மேலான ஒன்றுக்காகக் கதையை விட முடிந்தவர் அவர். எனக்கு அந்த மனிதர்மேல் இருக்கும் மரியாதை பெரிது.

இந்தப் பருவத்தில் குறைகளும் உண்டு, அவற்றை மறைக்கப் போவதில்லை. பதினெட்டு அத்தியாயத்துக்கான கதையை முப்பதுக்கு இழுப்பார்கள். பத்தாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை பல தொடர்களில் பாத்திரங்கள் தேநீர் குடித்துக்கொண்டே இருப்பார்கள். எழுதி முடிக்காத நிலையில் படப்பிடிப்பைத் தொடங்கி, நோன்பு வந்த பிறகும் எடுத்துக்கொண்டிருந்து, அன்றன்று தொகுத்து அனுப்பிய தொடர்கள் ஏராளம். அவசரம் திரையில் தெரியும். வெற்றி பெற்ற தொடரை ஆண்டுதோறும் நீட்டும் நோயும் அவர்களிடம் இருக்கிறது. இறந்துவிட்டதாகக் கதையில் சொல்லப்பட்ட அபூ இஸாம் 2014-இல் உயிரோடு திரும்பி வந்தார். எங்கள் டமாஸ்கஸ்காரருக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் துக்கம் கொண்டாடி முடித்துவிட்டோமே என்றார்.

அதற்கு மாறாக, நிறுத்தத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். குவைத்தின் 'தர்ப் அல் ஸலக்' 1977-இல் வந்தது. அரசு நிலத்தை எடுத்துக்கொண்டு கொடுத்த இழப்பீட்டால் திடீரென்று பணக்காரரான இரண்டு சகோதரர்கள், தொட்ட வியாபாரத்திலெல்லாம் ஏமாறுகிற கதை. அப்துல் ஹுசைன் அப்துல் ரிதாவும் ஸஅத் அல் ஃபரஜும் நடித்தார்கள். எண்ணெய்ப் பணம் ஒரு சமூகத்தின் நடையைக் குலைத்த காலத்தை அந்தக் குட்டித் தொடர் அளவுக்கு எந்தப் பொருளாதாரப் புத்தகமும் எனக்குப் புரியவைக்கவில்லை. 2017-இல் அப்துல் ரிதா இறந்தபோது, அந்தத் தொடர் வந்த காலத்தில் பிறந்தே இராத இளைஞர்கள் அதன் வசனங்களைச் சொல்லி அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள். சவூதியின் 'தாஷ் மா தாஷ்' 1993 முதல் 2011 வரை ரமலான்களில் நோன்பு திறக்கும் நேரத்தில் வந்தது. நாசர் அல் கஸபியும் அப்துல்லா அல் ஸத்ஹானும் மாறி மாறி வேஷம் போட்டு, அலுவலக லஞ்சம் முதல் பெண்களின் நிலை வரை எல்லாவற்றையும் தொட்டார்கள். மார்க்க அறிஞர்கள் சிலரின் கண்டனத்தையும் வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். நிறுத்தி, பன்னிரண்டு ஆண்டு கழித்து 2023-இல் மறுபடி ஒரு ரமலானுக்கு வந்தபோது, ரியாதில் இருந்த நம் ஆட்களே எனக்கு போன் செய்து, பழைய நண்பர் ஊருக்குத் திரும்பியது போல இருக்கிறது என்றார்கள்.

ரமலானுக்கு வெளியே நடந்த ஒரு முடிவையும் சொல்ல வேண்டும். துருக்கியில் பெரிதாக எடுபடாத ஒரு தொடரை, சிரிய வழக்கில் குரல் கொடுத்து, 'நூர்' என்று பெயரிட்டு எம்.பி.சி. ஒளிபரப்பியது. 2008 ஆகஸ்ட் 30 அன்று அதன் கடைசி அத்தியாயம். அன்று 8.5 கோடிப் பேர் பார்த்ததாக அந்த நிறுவனம் அறிவித்தது. செப்டம்பர் 1 நோன்பு. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற கட்டாயம் அந்த அந்நிய நாட்டுக் கதைக்கும் இருந்தது. அன்று இரவு ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தின் எல்லா ஜன்னல்களிலிருந்தும் ஒரே இசை வந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நெடுந்தொடர்களை நான் பழித்துப் பேச மாட்டேன். அப்படிப் பேசினால் நன்றி கெட்டவனாவேன். 'சித்தி' 1999 முதல் 2001 வரையும், 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரையும் வந்த ஆண்டுகளில், வளைகுடாவில் இருந்த கணவனுக்கும் ஊரில் இருந்த மனைவிக்கும் பொதுவாக இருந்த ஒரே அரைமணி நேரம் அந்தத் தொடர்தான். அவள் திருவாரூரில் பார்ப்பாள், இவன் அபுதாபியின் முஸஃபாவில் பார்ப்பான். வெள்ளிக்கிழமை போனில், பிள்ளையின் காய்ச்சலும் வட்டிக் கணக்கும் பேசி முடிந்த பிறகு, இருவருக்கும் பேச எதுவும் இல்லாமல் நிமிடம் ஓடுகிற அந்தச் சங்கடமான இடத்தில், 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் கவலை வந்து கை கொடுக்கும். "சரோஜாவ மாமியா படுத்துற பாடு தாங்கலங்க" என்று அவள் தொடங்குவாள். தன் மாமியாரைப் பற்றி அவளால் சொல்ல முடியாததெல்லாம் அந்த வாக்கியத்தில் இருக்கும். அவனுக்கும் அது புரியும். 811 அத்தியாயங்களில் அந்தத் தொடர் எத்தனை குடும்பங்களுக்கு இந்த உதவியைச் செய்திருக்கும்! அது முடிந்த வாரம் முஸஃபாவிலும் துபாயின் அல் கூஸிலும் தொழிலாளர் குடியிருப்புகளில் சோர்வு தெரிந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது வேறு. 'கோலங்கள்' 1,533 அத்தியாயம். 'சந்திரலேகா' எட்டு ஆண்டு ஓடி 2,300-ஐத் தாண்டியது. கதை எப்போது முடியும் என்று எழுதுகிறவருக்கே தெரியாது. வாரந்தோறும் வியாழக்கிழமை வரும் பார்வையாளர் புள்ளிக்கணக்குதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. எண் ஏறினால் கலியாணம் நிற்கும், கடத்தல் நடக்கும், இரட்டைப் பிறவி தோன்றும். எண் இறங்கினால் சில வாரத்தில் முடித்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வரும். அந்தக் கடைசி வாரத்தைக் கவனித்திருப்பீர்கள். ஐந்து ஆண்டு விஷம் வைத்தவள் ஐந்து நிமிடத்தில் திருந்துவாள். ஒரு வளைகாப்பு, ஒரு பந்தி, நடிகர் கூட்டம் கைகூப்பி நிற்க, நன்றி. திங்கட்கிழமை அதே நேரத்தில் வேறொரு குடும்பம், வேறொரு மாமியார். உடன் வாழ்ந்தவர்களை வழியனுப்ப நமக்கு ஒரு மாலைகூடத் தருவதில்லை. ஆயிரத்தொரு இரவுகளில் கதை சொல்லும் ஷஹரஸாத் கதையை நிறுத்தினால் தலை போகும். நம் தொடர் எழுத்தாளர்களுக்கும் அதே நிலைமைதான். அவளுக்காவது ஆயிரத்தொன்றாம் இரவு வந்தது.

'எதிர்நீச்சல்' இதற்கு அருகிலிருந்து பார்க்கத்தக்க உதாரணம். 2022-இல் தொடங்கிய அந்தத் தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். ஆணாதிக்கத்தை அத்தனை உயிரோடு நடித்துக் காட்டி, பார்க்கிற ஆண்களையே கூசவைத்த நடிகர். துபாயில் அன்று வெள்ளிக்கிழமை. கராமாவில் ஒரு தமிழ் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் செய்தி கேட்டு இலையிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். கதை நிற்கவில்லை. பிறகு வேல. ராமமூர்த்தி அதே பாத்திரத்துக்கு வந்தார். நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர், அவரைக் குறை சொல்லவில்லை. 2024 ஜூனில் தொடர் முடிந்தது, டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அந்தத் தொடரின் மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு, அதனால்தான் கேட்கிறேன். இத்தனை நாள்தான் என்று அறிவித்துவிட்டுக் கதையைச் சொல்லியிருந்தால், குணசேகரன் வீட்டுப் பெண்கள் வாசற்படி தாண்டிய நாள் தமிழ்நாட்டின் ஒரு பொது நிகழ்ச்சியாகியிருக்காதா?

வளைகுடாவில் இருந்தவனுக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், எங்கள் வாழ்க்கையே தேதி குறித்த வாழ்க்கை. விசாவில் ஒரு தேதி, ஒப்பந்தத்தில் ஒரு தேதி, அடையாள அட்டையில் ஒரு தேதி. சவூதிக்காரர்கள் அக்காமா என்பார்கள், நாங்கள் விசா என்போம், இரண்டும் ஒரு நாள் தீரும். என்று கிளம்புவோம் என்பது தெரிந்தே கட்டில் வாங்குகிறோம், நட்புக் கொள்கிறோம். அந்தத் தேதி கொடுமையானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறையைக் காலி செய்து போகிறவருக்குக் கடைசி வியாழக்கிழமை இரவு பிரியாணி போட்டு, பெட்டி கட்டிக் கொடுத்து, எடை பார்த்து, விமான நிலையம் வரை போய் விட்டு வரும் ஒழுங்கு அந்தத் தேதியால்தான் எங்களுக்கு வாய்த்தது. முடியும் நாள் தெரிந்த கதையை நாங்கள் அதே ஒழுங்கோடு வழியனுப்பினோம். இருபத்தைந்தாம் நாள் முதலே பேச்சு தொடங்கிவிடும். யார் சாவார், யார் சேர்வார், யாருக்குத் தண்டனை என்று பந்தயம் நடக்கும். பெருநாள் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்ததும் முதல் வேலை, கடைசி அத்தியாயத்தைப் பேசித் தீர்ப்பதுதான்.

கொரோனா வந்த 2020-இல் இரண்டு ஏற்பாடும் ஒரே நேரத்தில் முறிந்தன. மார்ச் 19 அன்று தமிழ்த் தொடர்களின் படப்பிடிப்பு நின்றது. சேனல்கள் பழையதைத் தூசி தட்டின, 'மெட்டி ஒலி' மறுபடி வந்தது. ஏப்ரல் 24 அன்று தொடங்கிய நோன்பில் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. பல அரபுத் தொடர்கள் எடுத்து முடிக்கப்படாமல் அந்தப் பருவத்துக்கு வரவே இல்லை. பாய் நோன்பு இரவுகளின் தராவீஹ் தொழுகையைக் கட்டில்களுக்கு நடுவே தொழுதார். கஞ்சியை அறையிலேயே காய்ச்சினோம். அந்த மாதம் வந்த தொடர்கள் சிலவாக இருந்தாலும், அவை சொன்ன நாளில் தொடங்கிச் சொன்ன நாளில் முடிந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல். வேறு எதுவும் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது.

இன்று வளைகுடாவின் அந்த ஏற்பாடும் கரைகிறது. தொடர்களை நினைத்தபோது பார்க்கவைக்கும் ஷாஹித் போன்ற செயலிகள் வந்துவிட்டன. பதினைந்து அத்தியாயத்தில் முடியும் தொடர்கள் கூடிவருகின்றன. அவற்றின் கதை இறுக்கமாக இருக்கிறது, அது நல்லதே. ஆனால் ஒருவர் மூன்றாம் நாள் இரவில் விழித்திருந்து எல்லாவற்றையும் போனில் பார்த்து முடித்துவிடுகிறார், இன்னொருவர் பெருநாளுக்குப் பிறகு பார்க்கிறார். அலுவலகத்தில் கதை பேசத் தொடங்கினால், "சொல்லாதே, நான் இன்னும் பார்க்கவில்லை" என்ற குரல் எழுகிறது. கதை இருக்கிறது, அதை ஒன்றாகப் பிரியும் இரவு போய்விட்டது.

முடியும் நாளைக் குறித்துக் கதை சொல்வது நம் மரபில் புதிதா என்று கேட்கலாம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நாள் குறித்துத்தான் நடக்கிறது. பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் கிடப்பான், மாலையில் தீமிதி, பிறகு தருமர் பட்டாபிஷேகம். கதை முடியும் நாளில் ஊரே நெருப்பில் இறங்குகிறது. அச்சு உலகத்துக்கு வந்தால், கல்கி 1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னை 1954-இல் முடித்தபோது, பிறகு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர் முடிவுரை எழுதி அவர்களுக்கு விடை சொன்னார். வாசகரை வழியனுப்பத் தெரிந்த எழுத்தாளர். தொலைக்காட்சியிலும் தூர்தர்ஷன் காலத்தில் பதின்மூன்று வாரக் கதைகள் இருந்தன. பாலசந்தரின் 'ரயில் சினேகம்' பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக மார்கழி இருக்கிறது. ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரம், நாளுக்கு ஒன்று. மார்கழிக்கும் சில ஆண்டு 29 நாள், சில ஆண்டு 30. நாள் குறையும் ஆண்டில் கடைசி இரண்டையும் ஒரே நாளில் பாடி நிறைவு செய்கிறார்கள். துபாயில் 29-ஆம் பிறை மாலையில் சேனல்காரர்கள் படும் பாட்டைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் நினைவு வந்ததற்கு இதுதான் காரணம்.

ஆகவே தமிழ்ச் சேனல்களுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் நெடுந்தொடர்கள் ஓடட்டும். ஆண்டில் ஒரு மாதம், இரவில் ஒரே ஒரு அரைமணி நேரத்தை, முழுவதும் எழுதி முழுவதும் எடுத்து முடித்த முப்பது நாள் கதை ஒன்றுக்குத் தாருங்கள். முதல் நாளே முடிவு நாளை அறிவியுங்கள். நல்ல நாவல்கள் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன, எழுதப் புதியவர்கள் காத்திருக்கிறார்கள். நாளும் குறித்துத் தருகிறேன். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வருகிறது. 2030-இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக இரண்டு நோன்புகள் தொடங்கும். கணக்குப்படி 2031 டிசம்பர் நடுவில் தொடங்கும் நோன்பு ஓரிரு நாள் முன்பின்னாக மார்கழியோடு சேர்ந்தே நடக்கும். 2032 ஜனவரி நடுவில் நோன்புப் பெருநாளும் பொங்கலும் அடுத்தடுத்து வரும். அந்த முப்பது இரவுகளில் கீழக்கரையிலும் தஞ்சாவூரிலும் தேராவிலும் ஒரே தமிழ்க் கதை ஓட வேண்டும். துபாயில் நோன்பு திறந்து கஞ்சி குடித்து முடித்தவர்களும் பார்க்கும்படி, இந்திய நேரம் இரவு 9 மணிக்கு அதை வையுங்கள். எழுதத் தொடங்க இன்னும் அவகாசம் இருக்கிறது.